கறுப்பு வெல்வெட்டில் ஒரு கட்டைவிரல்

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. இத்தனை படித்தவன், சுவர் நிறையப் பட்டங்களைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவன், கண்ணுக்கே தெரியாததையெல்லாம் எண்ணிப் பார்க்கத் தெரிந்தவன், எதிரே நிற்கிற பெண்ணிடம் அன்றைக்கு அந்த அறைக்குள் வேறு யாராவது வந்தார்களா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் வாயிலிருந்து முத்தா கொட்டிப் போயிருக்கும்? கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் அவள் கையைப் பார்த்தாய். கையுறை போடாமல் தொட்டிருக்கிறாய் என்றாய். இல்லை என்றவளைப் பொய் வேறா என்றாய். எல்லாம் உன்னால் வந்தது. இப்படித்தான், சாத்தியிருந்த கதவைப் பார்த்து, உதடு அசையாமல் சென்னியப்பன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் பேராசிரியருக்கு இதில் ஒரு எழுத்தும் கேட்காது. கேட்கிற தூரத்தில் நின்று அவரை ‘நீ’ போட்டுப் பேசச் சென்னியப்பனுக்கு நாக்கும் புரளாது. கதவு திறந்தால் ‘வணக்கமுங்க சார்’ என்றுதான் வரும். மணி பத்தேகால். பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கோயமுத்தூரில் எந்த வேலைக்கும் முக்கால் மணி நேரம் முன்னால் போய் உட்காருகிற பழக்கம் அவருக்கு. எதிராளி வரும்போது நாம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் பாதி பேரம் முடிந்த மாதிரி என்பது அவர் அனுபவம். இன்றைக்கு அந்தப் பழக்கம் அவரையே கடித்தது. கல்லூரியின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில், பினாயில் காயாத தரைக்கு மேலே, நான்கு இருக்கைகளை ஒரே கம்பியில் கோத்த இரும்பு நாற்காலியில், மடியில் கல்லூரி கேட்ட இரண்டாவது ஆய்வக அடுப்புக்கான கொட்டேஷன் உறையோடு, வலது கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு, தப்பித்துப் போக வழியில்லாமல் முக்கால் மணி நேரம் தன்னோடு தானே உட்கார வேண்டியிருந்தது.

பிளாஸ்திரிக்கு உள்ளே புண் கிடையாது. காலையில் பாவாத்தாள் தோசையை எடுத்துத் தட்டில் போட்டவள் போட்ட கையோடு கேட்டாள், புண்ணே இல்லாத விரலுக்கு நாலு நாளா எதுக்குங்க கட்டு என்று. மனைவிக்குத் தெரியாமல் விரலை மறைக்க முடியுமா. கம்பி குத்திருச்சு என்றார். எங்கே காட்டுங்க என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. பொய் சொல்கிறபோதெல்லாம் அவருக்குக் கோபம்தான் முதலில் வரும். தோசையைப் பாதியில் விட்டு எழுந்தார், அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், அந்தப் பாதித் தோசைதான் இப்போது நினைவில் குத்தியது. விரலை மடக்கிப் பார்த்தார். பிளாஸ்திரிக்குள் வேர்த்துச் சொதசொதவென்று இருந்தது. இந்த விரல் சோறு போட்ட விரல். ஒன்பதாவதைத் தாண்டாத மனிதன், பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் குழாய் அடுப்பு செய்து கொடுக்கிறவனாக ஆனது இந்த விரலால். அடுப்பைச் சூடேற்றும் நிக்ரோம் கம்பியை இழுத்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் கலப்படமா சுத்தமா என்று சொல்லிவிடுவார். குவார்ட்ஸ் குழாயின் வாயில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தெரிந்துவிடும், உடனே முகத்தைச் சுளித்து, இதைப்போயி எங்கிட்டக் கொண்டாந்தீங்களே என்று பேரத்தை ஆரம்பிப்பார். எதைக் கொடுத்தாலும் முதலில் விரல் போகும், பிறகுதான் கண் போகும், கடைசியில்தான் வாய். சுருள் சுற்றும்போது ஒருமுறை கம்பி நழுவிச் சதையைக் குறுக்கே அறுத்தது. அந்த வடு, ரேகைகளின் நடுவில் வயலுக்குக் குறுக்கே வெட்டிய வாய்க்கால் மாதிரி, நகத்தடியிலிருந்து சாய்வாக இறங்கும். அதைத்தான் பிளாஸ்திரி மூடியிருந்தது. வடு இல்லாத விரலாக இருந்திருந்தால் இந்த நாற்காலி இவ்வளவு சுட்டிருக்காது. இல்லை, அதுவும் பொய். சுட்டிருக்கும். கொஞ்சம் குறைவாகச் சுட்டிருக்கும், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை அவர் வந்தது அடுப்பின் வெப்பமானியைச் சரிபார்க்க. எப்சிபா மட்டும் இருந்தாள். மூன்று வருடமாக அந்த அடுப்போடு மல்லுக்கு நிற்கிற ஆராய்ச்சி மாணவி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வந்த முதல் மாதமே அடுப்பு ஐந்து டிகிரி கூடக் காட்டுகிறது என்று ஆதாரத்தோடு நிரூபித்து அவரிடம் வசவு வாங்கியவள், வாங்கிய வசவைத் துடைத்துப் போட்டுவிட்டு அண்ணாச்சி, அப்போ சரி பண்ணித் தந்துட்டுப் போங்க என்றவள். அன்றைக்கு அவள் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. வாங்க அண்ணாச்சி, உங்க அடுப்புல வெளைஞ்சதப் பாத்துட்டுப் போங்க என்று, தூசி புகாத சுத்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டிய சின்ன டப்பாவை வெளியே கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். உள்ளே விரல்நகம் அளவுக்குச் சிலிக்கன் தகடு. அதன் மேல் கறுப்பு. கறுப்பு என்றால் தார்க் கறுப்போ கரிக் கறுப்போ அல்ல, பார்த்த கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு திருப்பித் தராத கறுப்பு, வெல்வெட்டைப் போன்ற ஒன்று. அவள் சொல்லிக்கொண்டே போனாள். தகட்டின் மேல் இரும்பை, கண்ணால் பார்க்க முடியாத அளவுக்கு மெலிசாக, கட்டம் போட்ட நோட்டு மாதிரி வரிசை வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறார்களாம். எழுநூற்றைம்பது டிகிரியில் வாயுவை விட்டால் இரும்பு இருக்கிற இடத்தில் மட்டும் கார்பன் குழாய்கள் முளைக்குமாம், தலைமுடியைப் பல ஆயிரமாகக் கிழித்தால் வரும் இழை ஒவ்வொன்றும். ஒன்றை ஒன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நெட்டுக்குத்தாக நிற்குமாம். இந்த வரிசை பிசகாமல் நின்றால்தான் அதன் மேல் மின் இணைப்பு கொடுத்துக் கண்ணுக்குத் தெரியாத கருவிகள் செய்ய முடியும், அறுபது தடவை கோணிக்கொண்டு போய் அறுபத்தோராவது தடவை நின்றிருக்கிறது, திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் போகிறோம் என்றாள். அவருக்கு அதில் பாதி புரிந்தது. பாதி புரியாததில் ஒரு எரிச்சல் வந்தது, அந்த எரிச்சலைத்தான் இப்போது அவர் திருப்பித் திருப்பி நக்கிப் பார்த்தார். இந்தக் கரிக்காடா மூணு வருசம்? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? உள்ளே உருக்கொண்ட அந்த எகத்தாளம், பேரம் பேசுகிறவனுடைய எகத்தாளம், எதிராளி பெருமையாக நீட்டுகிற பொருளை ஒரு சுளிப்பில் மட்டம் தட்டுகிற எகத்தாளம். அவள் ஆர்கான் வாயுவின் வால்வை மூட அந்தப் பக்கம் திரும்பினாள். நான்கு எட்டுத் தூரம்தான். விரல் போய்விட்டது. அவர் அனுப்பவில்லை, அது போனது. போனது என்று சொல்வதே வழுக்கல்தான். விரல் தனியாக எங்கே போகும், கூடவே ஆள் போக வேண்டாமா. தொட்ட மாதிரியே இல்லை. அதுதான் கொடுமை. துணியைத் தொட்டால் துணி தெரியும், இது ஒன்றுமே தெரியவில்லை, காற்றை அழுத்தின மாதிரி ஒரு மெத்து, உடனே தகட்டின் வழுவழுப்பு. விரலில் லேசாகக் கறுப்பு. பேன்ட்டில் துடைத்தார். அவள் திரும்பி வந்து பார்க்காமலே மூடியைப் போட்டு, எப்படி இருக்கு அண்ணாச்சி என்றாள். நல்லா வெளைஞ்சிருக்குது கண்ணு என்றார்.

அதோடு விட்டிருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று ஒரு பக்கம் ஒதுங்கலாம். திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். பெரிய அறை, பத்துப் பன்னிரண்டு பேர், சுவரில் திரை. வரிசை முழுக்கச் சாய்ந்து படுத்துவிட்டது, அடுப்பு நடுங்கியிருக்குமா, காற்று ஒரு பக்கமாக இழுத்திருக்குமா என்று பேராசிரியர் கேட்டார். கேட்டதுதான் தாமதம், அவருக்குள் முப்பது வருடத்துக்கு முந்தைய வார்ப்படச் சாலை எழுந்து நின்றது. அங்கே ஒரு போர்மேன் தான் தவறவிட்ட அச்சைச் சென்னியப்பன் உடைத்ததாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் வெளியே அனுப்பினான். கேட்டுக்கு வெளியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த அந்த அரை பர்லாங்கில் அவர் எடுத்த சபதம், இனி எவனும் என் கைமேல் பழி போடக் கூடாது என்பது. அந்தச் சபதம் வாயைத் திறந்தது. என் அடுப்பு மேல பழி போடாதீங்க சார் என்று மேசையைத் தட்டினார். எழுநூத்தம்பதுன்னா எழுநூத்தம்பதுலதான் நிக்கும், மயிரிழை ஆடாது என்றார். குரல் அறை முழுக்க அடித்தது. பிறகு அந்த வாக்கியம். இப்போது அதைத் தள்ளிவைக்கப் பார்த்தார். தாழ்வாரத்து மூலையில் ஏ.சி.யின் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது, அதை எண்ண ஆரம்பித்தார், பதினேழுக்கு மேல் போக முடியவில்லை, வாக்கியம் வந்துவிட்டது.

“அடுப்புக்குக் கையில்லீங்க சார். கையிருக்கறவங்களைக் கேளுங்க.”

அப்போது சத்தியமாக அவருக்கு நினைவில்லை. தொட்டது மறந்தே போயிருந்தது, ஒரு நாளைக்கு நூறு பொருளைத் தொடுகிற விரல். எல்லோருடைய பார்வையும் எப்சிபாவின் கைக்குப் போனது, கையுறை போடாமல் தொட்டிருக்கிறாய் என்று பேராசிரியர் அவளிடம் சொன்னதும் அப்போதுதான். பிறகுதான் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார் பேராசிரியர். திரையில் சாம்பல் நிறத்தில் வரிவரியாகப் படுத்துக் கிடந்தது காடு. வளைந்த வரிகள், ஒன்றுக்குள் ஒன்றாக, உழுத சால் மாதிரி. குறுக்கே சாய்வாக ஒரு கீற்றில் மட்டும் ஒரு பயிரும் படுக்காமல் நின்றிருந்தது, அழுத்தாத இடம், வடு பள்ளமாக இருப்பதால் அழுந்தாத இடம். தன் விரலை அவர் அதுவரை அந்த அளவில் பார்த்ததில்லை. ஆள் உயரத்துக்கு, சுவர் நிறைய, அவர் நின்றார். மூணு வருஷ வேலையில யாரோ கைநாட்டு வெச்சிருக்காங்க என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். எப்சிபா சிரிக்கவில்லை. சென்னியப்பன் கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு சிரித்தார். சும்மா புன்னகை இல்லை, சத்தம் வந்தது, பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க இப்போது எதைக் கொடுத்தாலும் தகும் என்று தோன்றியது, தோன்றிய உடனேயே எதைக் கொடுக்கலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. இதுதான் அவருடைய நோய். இந்த நான்கு நாளும் அவர் உண்மையோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். முதல் நாள், ஜன்னல் காத்து அடிச்சிருக்கலாங்க சார் என்று சொல்லிப் பார்ப்பது என்றிருந்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் ஏறி, டப்பா வெளியே இருந்தப்ப யாராச்சும் வந்திருப்பாங்க என்பதுவரை வந்தார். மூன்றாம் நாள், பட்டறையில் வேலை செய்கிற ஒருத்தன் பேரைச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்து, நினைத்த வெட்கத்தில் கார்க்கதவை அறைந்து சாத்தினார். இரண்டாவது அடுப்பை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டால் ஈடு ஆகிவிடாதா என்றும் ஒரு மூலையில் ஓடியது. யாருக்கு ஈடு, பேராசிரியருக்கு ஈடு, அவளுக்கு என்ன அடுப்பை வைத்துக்கொண்டு சோறா பொங்கப் போகிறாள். நடுவில் ஒரு நல்ல சாக்கும் கிடைத்திருந்தது, மிகவும் நல்ல சாக்கு, பளபளவென்று இருந்தது. நாம் சொன்னால், டப்பாவை வெளியே எடுத்துவந்து அந்நியனுக்குத் திறந்து காட்டினாய் என்று அவளுக்குத்தானே இன்னொரு குற்றம் சேரும்? அவள் நன்மைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சாக்கை நேற்று முழுக்கத் தலைக்கு வைத்துப் படுத்தார். விடிந்து பார்த்தபோது அதில் போர்மேனின் எண்ணெய் நாற்றம் அடித்தது.

“அண்ணாச்சி, எப்ப வந்திய?”

எப்சிபா பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தபோதுதான் அவர் நிமிர்ந்தார். நான்கே நாளில் கழுத்தெலும்பு தெரிந்தது. கையில் ஒற்றைத் தாள், அதன் மேல் மூடி கழற்றாத பேனா. இப்பத்தான் கண்ணு என்றார். அவள் கண் நேராக அவர் விரலுக்குப் போனது. கையில என்ன காயமா என்றாள். கம்பி கீறிருச்சு என்றார், மனைவியிடம் சொன்ன அதே பொய், இரண்டாவது முறை சொல்லும்போது வழவழவென்று வந்தது. மஞ்சப்பத்து போடுங்க அண்ணாச்சி, தண்ணி படாமப் பாத்துக்கிடுங்க என்றாள். அவருக்குத் தாள் எதற்கு என்று கேட்கப் பயமாக இருந்தது, அவளே சொன்னாள். பேராசிரியர் எழுதிக் கொடுத்த கடிதம். கவனக்குறைவால் நானே வெறுங்கையால் தொட்டிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டால் இதோடு முடிந்துவிடும், வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். இந்த வேலை மட்டும் கைமாறி அடுத்த தகடு இன்னொருத்தருக்குப் போகும், கட்டுரையில் அவள் பெயர் வராது, அவள் மறுபடி முதலிலிருந்து வேறு ஒன்றைத் தொடங்க வேண்டும். கையெழுத்துப் போட்டுருவியா என்று கேட்டார். அவள் தன் கட்டைவிரலை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மொதல்ல போட மாட்டேன்னுதான் இருந்தேன். இப்ப நானே தொட்டிருப்பேனோன்னு தோணுது அண்ணாச்சி. கையுறைய கழத்திட்டு டப்பாவ மூடுனேனா, மூடிட்டுக் கழத்துனேனா, மனசுல நிக்க மாட்டேங்கு. அந்தப் படத்துக்குக் கீழ அளவு போட்டிருக்கு. என் விரல அளந்து பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும். அளக்கப் பயமா இருக்கு. ஒருவேள சரியா இருந்துட்டா?”

சென்னியப்பன் அவள் விரலைப் பார்த்தார். சின்ன விரல். அவருடையதில் பாதிகூட இல்லை. எந்தக் குருடனும் பார்த்துச் சொல்லிவிடுவான். ஒரு உண்மையைச் சொல்லாமல் வைத்திருப்பது சும்மா இருப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அது சும்மா இருக்கவில்லை, இவளுடைய கைக்குள் புகுந்து, அந்தக் கையே இவளுக்கு அந்நியமாகிவிட்டது. போர்மேன்கூட அவரிடம் அவ்வளவு செய்யவில்லை. கேட்டுக்கு வெளியே சைக்கிள் தள்ளினபோது நான் உடைக்கவில்லை என்பதாவது அவர் கையில் மிச்சம் இருந்தது. சொல்லிவிடு, இங்கேயே, இவளிடம் சொல்லிவிடு என்று நாக்கைத் தூக்கினார். உடனே கீழே போட்டார். இவளிடம் தனியாகச் சொன்னால் இவள் மன்னித்துவிடுவாள், அதுதான் பயம். பரவாயில்ல அண்ணாச்சி என்பாள், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், தாள் தாளாகவே இருக்கும். மலிவாகக் கிடைப்பதை வாங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்ணு, போடாத, கொஞ்சம் இரு என்றார். என்ன அண்ணாச்சி என்றாள். கதவு திறந்தது.

அடடே சென்னியப்பன், சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்தாச்சா, வாங்க வாங்க, எப்சிபா நீயும் வாம்மா, உன் வேலை ஒரு நிமிஷம் என்று பேராசிரியர் இருவரையும் உள்ளே அழைத்தார். வணக்கமுங்க சார் என்று வந்துவிட்டது, வரும் என்று தெரிந்திருந்தும் வந்தது. உள்ளே குளிர். மேசைக் கண்ணாடிக்கு அடியில் குழந்தைகளின் படம். எப்சிபா ஓரமாக நின்று தாளை மேசையில் வைத்தாள். சென்னியப்பன் வாயைத் திறந்தார். வெளியே வந்தது முதல் நாள் விலை. சார், அன்னைக்கு அந்த ஜன்னல் காத்து, என்று ஆரம்பித்தார். அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க, விடுங்க, கொட்டேஷனைக் காட்டுங்க என்று பேராசிரியர் கையை நீட்டினார். எவ்வளவு பெரிய வாசல் அது. நுழைந்து வெளியேறினால் எல்லாம் முடிந்தது, அடுப்பு விற்றாகிவிட்டது, விரலில் புண் ஆறிவிட்டது. உறையை நீட்டவும் நீட்டினார். பக்கத்தில் க்ளிக் என்று பேனா மூடி கழன்ற சத்தம். அவர் உறையை இழுத்துக்கொண்டு, பிளாஸ்திரியின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தார், நான்கு நாள் ஒட்டியிருந்தது தோலோடு பிரிந்துகொண்டு வந்தது. உள்ளே விரல் ஊறிப்போய், வெளுத்து, சுருங்கி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. வடு மட்டும் அப்படியே. அதைக் கண்ணாடியின் மேல், பேராசிரியரின் கைக்கும் அவளுடைய தாளுக்கும் நடுவில் வைத்தார். எப்சிபாவின் பேனா நின்றுவிட்டது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியாது.

“நாந்தாங்க சார் தொட்டது. படத்தப் போட்டுப் பாருங்க, இந்த வடு குறுக்க நிக்கும். அவ வால்வ மூடப் போன நேரத்துல தொட்டேன். எகத்தாளத்துல தொட்டேன். திங்கக்கிழமை படத்துல பாத்ததுமே தெரிஞ்சுது, தெரிஞ்சுதான் உங்களோட சேந்து சிரிச்சேன்.”

பேராசிரியர் விரலையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சரி, நீங்க சொன்னதே பெரிசு, இதை வெளியில பேச வேண்டாம், துறைக்கு அசிங்கம், நான் பாத்துக்கறேன் என்றார். தாளை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தினார், கிழிக்கவில்லை. சென்னியப்பனுக்கு அந்த மெதுவான நகர்த்தல் நன்றாகத் தெரிந்தது. பொருளைத் திருப்பித் தராமல், இல்லை என்றும் சொல்லாமல், பிறகு பார்க்கலாம் என்று உள்ளே தள்ளுகிற கை. அவருடைய கையே அது. நான்கு நாள் மனசுக்குள் ஏசிய ஏச்சில் ஒன்றும் இப்போது நாக்கில் இல்லை. கோபமும் இல்லை. வெட்கம் மட்டும் தலையிலிருந்து கால்வரை கனத்து நின்றது, அந்தக் கனத்தின் மேல்தான் காலூன்றி நின்றார்.

“பாத்துக்கறேன்னா பத்தாதுங்க சார். அன்னைக்கு எத்தன பேரு உக்காந்திருந்தாங்களோ அத்தன பேரையும் கூப்பிடுங்க. நான் இங்கயே நிக்கறேன், எங்கயும் போகல. என்னைய முன்னால நிறுத்திக்கிட்டே சொல்லுங்க, தொட்டவன் இவன், கேக்காம இந்தப் புள்ள மேல பழி போட்டது நானுன்னு. சொல்லிட்டு அந்தத் தாளக் கிழிச்சு அவ கையில குடுங்க. அவ வேலைய அவகிட்டக் குடுங்க சார். அப்புறம் பாத்துக்கறதெல்லாம் வேண்டாம். இப்பக் குடுங்க.”